குக்கர் எத்தனை விசில் வந்தது? - 38 வயதில் கிடைத்த பதில்

திருச்சி உறையூரில் இருக்கும் அந்த வீட்டில் பதினைந்து வருடங்களாக தினமும் ஒரு கேள்வி ஒலித்துக்கொண்டிருந்தது.

"குக்கர் எத்தனை விசில் வந்துச்சு?"

ஹாலில் இருந்து மாமியார் கேட்பார். அடுப்புக்கு ஓரடி தள்ளி நிற்கும் மருமகளுக்கு பதில் தெரியாது. முதல் விசில் காதில் விழும். அதற்குள் ஜன்னலுக்கு வெளியே கேபிள் ஒயரில் உட்கார்ந்திருக்கும் மைனாவிடம் மனம் போய்விடும். அங்கிருந்து, நேற்று ஆபீஸில் பார்த்த ஒரு பில்லுக்கு. அங்கிருந்து, அந்த பில்லை எங்கே வைத்தோம் என்ற பதற்றத்துக்கு. திரும்பி வருவதற்குள் பருப்பு அடிப்பிடித்த வாசனை ஹால் வரை போயிருக்கும்.

"அஞ்சு விசில் ஆச்சு. காது கேக்கலையா, இல்ல அக்கறை இல்லையா?"

காது நன்றாகவே கேட்டது. அக்கறையும் இருந்தது. இந்த இரண்டும் இல்லாமல் மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கக்கூடும் என்பது மாமியாருக்கும் தெரியாது, கணவருக்கும் தெரியாது. 38 வயது வரை அவருக்கே தெரியாது.

ஜூலையில் கெட்டிக்காரி, நவம்பரில் சோம்பேறி

தில்லைநகரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. வருமானவரி கணக்கு தாக்கல் செய்ய வழக்கமான கடைசித் தேதி ஜூலை 31. அதற்கு முந்தைய பத்து நாள்கள் அந்த அலுவலகத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மற்றவர்கள் இரண்டு ஃபைல் முடிப்பதற்குள் ஐந்து முடிப்பார். சாப்பாடு மறந்துபோகும், தண்ணீர் மறந்துபோகும், ஒரு ரூபாய் வித்தியாசத்தைக்கூட தேடிக் கண்டுபிடித்துவிடுவார்.

அதே ஆள், நவம்பரில் நெருக்கடி எதுவும் இல்லாத ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில், நாற்பது வவுச்சரை தேதிவாரியாக அடுக்க மூன்று நாள் எடுத்துக்கொள்வார். "உன்னால முடியும்னு ஜூலையில பார்த்தோமே. இப்ப என்ன? மனசு வைக்க மாட்டேங்கிற" என்பார்கள். முடியும் என்பதை நிரூபித்ததே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

சின்ன வயதிலும் இதே கதைதான். ஐந்தாம் வகுப்பு ரேங்க் கார்டில் டீச்சர் எழுதியிருந்த வரி: 'நல்ல புத்திசாலி. கவனம் போதாது.' வகுப்பில் எழுந்து ஓடியதில்லை, யாரையும் அடித்ததில்லை. கடைசிக்கு முந்தைய பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்து வேறெங்கோ போய்விடும் பெண் பிள்ளையைப் பற்றி யார் புகார் சொல்லப்போகிறார்கள்?

வளர்ந்த பிறகு, மறதியை மறைப்பதே தனி வேலையானது. பஸ் ஸ்டாப் வரை போய், கதவைப் பூட்டினோமா என்று பார்க்கத் திரும்பி வருவார். அதனால் அரை மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிடுவார். நாலு பேர் பேசும் இடத்தில் பாதியில் கவனம் போய்விட்டால், மற்றவர்கள் சிரிக்கும்போது தானும் சிரித்துவைப்பார். இரவு படுக்கும்போது, பகலெல்லாம் மூட்டை சுமந்த மாதிரி உடம்பு வலிக்கும். "அப்படி என்ன வேலை பார்த்துட்ட?" என்ற கேள்விக்கும் பதில் இருக்காது.

ஜவ்வரிசி டப்பா

அவருடைய 34-வது வயதில், ஓர் ஆவணி மாதம், உறவில் ஒரு கல்யாணம். பீரோவில் இருந்து அம்மா போட்ட மூன்று பவுன் சங்கிலியை முதல் நாளே எடுத்தார். வீட்டில் விருந்தாளிகள் இருந்ததால், பத்திரமாக ஓர் இடத்தில் வைத்தார். மறுநாள் காலையில் அந்த 'பத்திரமான இடம்' எது என்பது நினைவில் இல்லை.

வீட்டைப் புரட்டிப்போட்டார்கள். கிடைக்கவில்லை. பிறகு, இப்படிப்பட்ட நேரத்தில் எல்லா வீடுகளிலும் விழும் பார்வை அங்கேயும் விழுந்தது. ஆறு வருடங்களாக வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த அக்காவிடம் மாமியார் கேட்டார். "நீ எங்கயாவது பார்த்தியா?" திட்டவில்லை, போலீஸுக்குப் போகவில்லை. ஆனால் அதே கேள்வியை மறுநாளும் கேட்டார். மூன்றாம் நாளில் இருந்து அந்த அக்கா வரவில்லை.

"வராம போனதுலயே தெரியுதே" என்றது வீடு. மருமகள் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த சித்திரை ஒன்றாம் தேதி, பாயசம் வைக்க ஜவ்வரிசி டப்பாவைத் திறந்தார். எவர்சில்வர் டப்பாவின் அடியில், ஒரு கர்சீப்பில் சுற்றியபடி சங்கிலி இருந்தது.

"கிடைச்சதே போதும்" என்று எல்லோரும் கும்பிட்டார்கள். பாயசம் இனித்தது. அந்த அக்காவிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியது. ஆனால் போகவில்லை. 'எந்த முகத்தோட போறது?' என்று ஒரு வாரம் தள்ளினார். வாரம் மாதமாகி, மாதம் வருடமாகிவிட்டது.

மகனுக்காகப் போன இடத்தில்

மகனுக்கு ஒன்பது வயதானபோது பள்ளியில் இருந்து புகார்கள் வர ஆரம்பித்தன. ஹோம்வொர்க் எழுதுவதில்லை, உட்கார்ந்த இடத்தில் இருப்பதில்லை, வாரத்துக்கு இரண்டு பென்சில் பாக்ஸ் தொலைகிறது. மனநல மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப் போனார்கள். பெற்றோர் நிரப்ப வேண்டும் என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். பொருள்களை அடிக்கடி தொலைக்கிறானா? தொடங்கியதை முடிக்காமல் விடுகிறானா? நேரே பேசும்போதும் கேட்காததுபோல இருக்கிறானா?

பாதிப் படிவத்தில் பேனா நின்றுவிட்டது. "டாக்டர், இதுல பாதி நான்தான்" என்றார், விளையாட்டுபோல. டாக்டர் சிரிக்கவில்லை. "தனியா ஒரு நாள் வாங்கம்மா. பேசுவோம்" என்றார்.

ஏ.டி.ஹெச்.டி எனப்படும் கவனக்குறைவு மற்றும் மிகை இயக்கக் குறைபாட்டை ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ கண்டுபிடிக்க முடியாது. நீண்ட நேரம் பேசித்தான் கண்டறிகிறார்கள். சிறு வயதிலேயே அறிகுறிகள் இருந்தனவா, வீடு, வேலை என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிகின்றனவா, வாழ்க்கையை நிஜமாகவே பாதிக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். தைராய்டு, ரத்தசோகை, தூக்கமின்மை, மனச்சோர்வு, பதற்றம் போன்றவை காரணமா என்பதையும் சரிபார்க்கிறார்கள். சாவியை எங்கோ வைத்துவிட்டுத் தேடுவது எல்லோருக்கும் நடப்பதுதான். நாலு ரீல்ஸ் பார்த்துவிட்டு 'எனக்கும் இதுதான்' என்று முடிவுகட்ட முடியாது.

உலகம் முழுக்க, குழந்தைகளில் இந்தக் குறைபாடு பெண்களைவிட ஆண் பிள்ளைகளுக்கே அதிகம் கண்டறியப்படுகிறது. ஓடி ஆடி வகுப்பைக் கலைக்கும் பிள்ளை ஆசிரியரின் கண்ணில் படுகிறது. கனவு காணும் பிள்ளை படுவதில்லை. பெரியவர்களிடம் பார்க்கும்போது ஆண், பெண் வித்தியாசம் குறைந்துவிடுகிறது. விதிமுறையும் ஒரு தடையாக இருந்தது. அறிகுறிகள் 7 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தின் கையேடு சொல்லிவந்தது. 2013-ல்தான் அது 12 வயது என்று மாற்றப்பட்டது.

சிறு வயதைப் பற்றிக் கேட்க, அவருடைய அம்மாவை அழைத்து வரச் சொன்னார் டாக்டர். அம்மா முதலில் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "கடுகு வாங்கிட்டு வாடின்னு கடைக்கு அனுப்புனா, ரோடு போடுற இன்ஜினை வேடிக்கை பார்த்துட்டு வெறுங்கையோட வருவா டாக்டர். ஒரே வருஷத்துல ஏழு டிபன் பாக்ஸ் தொலைச்சா. அடிக்காத நாள் இல்ல." சொல்லிக்கொண்டே வந்தவர், அங்கே நிறுத்தினார். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்குத் தெரியாதுல்ல டாக்டர்" என்றார். மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

மூன்று சந்திப்புகளுக்குப் பிறகு டாக்டர் உறுதியாகச் சொன்னார். மகனுக்கும் இருக்கிறது. அம்மாவுக்கும் இருக்கிறது.

அதுக்கு மாத்திரை கிடையாது

முதல் வாரம் நிம்மதியாக இருந்தது. 'நான் கெட்டவள் இல்லை, சோம்பேறி இல்லை' என்று கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தார். இரண்டாவது வாரம் கோபம் வந்தது. ஏழு டிபன் பாக்ஸுக்கு வாங்கிய அடி, அடிப்பிடித்த பருப்புக்கு வாங்கிய பேச்சு, எல்லாம் வரிசைகட்டி வந்தன. மூன்றாவது வாரம் ஜவ்வரிசி டப்பா வந்தது.

அடுத்த முறை போனபோது டாக்டரிடம் கேட்டார். "சங்கிலியை எங்க வெச்சேன்னு மறந்தது இதனாலதானே?"

"ஆமாம்மா. இருக்கலாம்."

"கிடைச்ச பிறகும் அந்த அக்காகிட்ட போய்ச் சொல்லாம இருந்தேனே, அது?"

டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "அதுக்கு மாத்திரை கிடையாதும்மா."

அந்த ஞாயிற்றுக்கிழமையே போனார். உய்யக்கொண்டான் வாய்க்கால் பக்கம் ஒரு சந்து. மூன்று பேரிடம் விசாரித்துத்தான் வீடு கிடைத்தது. வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார். எழுந்திருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார் அவர். நகை எங்கே கிடைத்தது, எப்போது கிடைத்தது, ஏன் வரவில்லை என எதையும் மறைக்கவில்லை. தன் நோயின் பெயரை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் சாக்கு சொல்வதுபோல இருக்கும் என்று பட்டது.

அக்கா பாத்திரத்தைக் கழுவி முடித்துவிட்டுத்தான் பேசினார். "கிடைச்ச அன்னைக்கே வந்து சொல்லியிருந்தா, அந்தத் தெருவுல எனக்கு இன்னும் ரெண்டு வீடு போயிருக்காதும்மா."

இரண்டு வீடுகள். அந்தக் கணக்கு அதுவரை அவருக்குத் தெரியாது.

மறுநாள் மாலை அந்த இரண்டு வீடுகளுக்கும் போனார். ஒரு வீட்டில் வேறு குடித்தனம் வந்திருந்தது. இன்னொரு வீட்டில், "நகையை நான்தான் மறந்து டப்பாவுல வெச்சிருந்தேன். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்று வாசலில் நின்றே சொன்னார். திரும்பி வந்து மாமியாரிடமும் சொன்னார். மாமியார் அன்று இரவு சாப்பிடவில்லை.

அந்த அக்கா மறுபடி வேலைக்கு வரவில்லை. அவரும் கூப்பிடவில்லை. இப்போது மார்க்கெட்டில் பார்த்துக்கொண்டால் இருவரும் நின்று இரண்டு வார்த்தை பேசுகிறார்கள். அதற்கு மேல் எதிர்பார்க்க தனக்கு உரிமை இல்லை என்கிறார்.

"எது என் மூளை செஞ்சது, எது நான் செஞ்சதுன்னு பிரிச்சுப் பார்க்க முடிஞ்ச பிறகுதான் மூச்சு விட முடிஞ்சுது. எல்லாத்தையும் நோய் மேல போட்டிருந்தாலும் சரி, முன்ன மாதிரி எல்லாத்தையும் என் மேலயே போட்டுக்கிட்டிருந்தாலும் சரி, ரெண்டுலயும் நான் நல்லா இருந்திருக்க மாட்டேன்."

கண்ணில் படாதது இல்லாதது

டாக்டரின் ஆலோசனைப்படி மாத்திரை எடுத்துக்கொள்கிறார். நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் அவ்வப்போது பார்க்கப்படுகின்றன. "மாத்திரை ரோடு போட்டுக் குடுக்கும். வண்டியை நாமதான் ஓட்டணும்" என்கிறார். மற்றதெல்லாம் வீட்டில் செய்த ஏற்பாடுகள்தான்.

முதலில் எவர்சில்வர் டப்பாக்கள் எல்லாம் பரணுக்குப் போயின. மளிகைச் சாமான்கள் உள்ளே இருப்பது தெரியும் பாட்டில்களுக்கு மாறின. கண்ணில் படாத பொருள் அவரைப் பொறுத்தவரை இல்லாத பொருள். வாசல் கதவின் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து, வீடு, ஸ்கூட்டர், பீரோ என எல்லாச் சாவிகளையும் ஒரே வளையத்தில் கோத்து மாட்டினார். வளையத்தில் மகளின் பழைய சலங்கையில் இருந்து இரண்டு மணிகள். சாவி எங்கே போனாலும் சத்தம் போட்டுவிட்டுத்தான் போகும்.

அலுவலகத்தில் மாதாமாதம் 7-ம் தேதி டி.டி.எஸ், 11-ம் தேதியும் 20-ம் தேதியும் ஜி.எஸ்.டி. இந்தத் தேதிகளை தினசரி காலண்டரில் முன்கூட்டியே சிவப்பு மையால் வட்டம் போடுகிறார். வட்டத்தை நிஜத் தேதிக்குப் போடாமல், மூன்று நாள் முன்னால் போடுகிறார். போரடிக்கும் வேலை என்றால், பக்கத்து சீட் தோழியை அருகில் உட்காரச் சொல்லிவிடுகிறார். அவர் தன் வேலையைத்தான் பார்ப்பார். ஆனால் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் வவுச்சர்கள் நகர்கின்றன. வீட்டிலும் அப்படித்தான். மகன் ஹோம்வொர்க் எழுதும் அதே மேஜையில் அம்மா துணி மடிக்கிறார். இருவரில் யார் எழுந்து ஓடினாலும் மற்றவர் இழுத்து வந்து உட்காரவைக்க வேண்டும் என்பது ஒப்பந்தம்.

எல்லாம் பலித்துவிடவில்லை. வாங்கிய மூன்று டைரிகளில் ஜனவரி மட்டும்தான் நிரம்பியிருக்கிறது. செல்போன் அலாரம் முதல் வாரம் எழுப்பியது, இரண்டாவது வாரத்தில் இருந்து கை தானாக அணைத்துவிடுகிறது. மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் பழைய குழப்பம் திரும்பி வருகிறது. பல பெண்கள் இதைச் சொல்வதாக டாக்டர் கூறியதால், அந்த நாள்களையும் காலண்டரில் குறித்துவைத்து, அப்போது புது வேலை எதையும் தலையில் போட்டுக்கொள்வதில்லை.

கணவர்தான் கடைசியாக மாறினார். "மறதிக்கெல்லாம் ஒரு பேரா?" என்று கேட்டவர். அடுத்த வருடம், 2024 மே மாதத்தில், கேரளாவில் நடந்த ஒரு நிகழ்ச்சியில் நடிகர் ஃபகத் ஃபாசில் தனக்கு 41 வயதில் ஏ.டி.ஹெச்.டி கண்டறியப்பட்டதாகச் சொன்ன செய்தி செல்போனுக்கு வந்தது. அவருடைய தீவிர ரசிகரான கணவர், "ஃபகத்துக்கே இருக்காம்ல!" என்று ஆச்சர்யமாகக் காட்டினார்.

"அவருக்கு விசில் எண்ற வேலை இல்லையே" என்றார் மனைவி.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கணவர் அன்று கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். ஸ்கூல் ஃபீஸ் கட்டும் தேதி, கரன்ட் பில், கேஸ் புக்கிங், பள்ளி வாட்ஸ்அப் குரூப், குழந்தைகளின் தடுப்பூசி அட்டை என ஒரு வீட்டின் ஞாபகம் முழுவதும் ஒரே தலையில் இருந்திருக்கிறது. அதுவும் ஞாபகம் நிற்காத தலையில். இப்போது கரன்ட் பில்லும் ஃபீஸும் வாட்ஸ்அப் குரூப்பும் கணவரின் பொறுப்பு. முதல் மாதம் 'உனக்கு உதவி பண்றேன்' என்றார். "உதவி இல்லைங்க, உங்க பங்கு" என்று திருத்திய பிறகு அந்த வார்த்தையை விட்டுவிட்டார்.

மகளோ தோழியோ மனைவியோ இப்படித் தவிப்பதுபோலத் தெரிந்தால், திட்டுவதற்கு முன் ஒருமுறை மனநல மருத்துவரைப் பார்ப்பது நல்லது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால், மத்திய அரசின் 'டெலி மானஸ்' இலவச எண் 14416-ஐ அழைத்து தமிழிலேயே கேட்கலாம்.

சுவரில் ஒரு சிலேட்டு

குக்கருக்குத் தீர்வு கண்டுபிடித்தது மகன். தன் பழைய சிலேட்டை சமையலறைச் சுவரில் மாட்டி, சாக்பீஸை நூலில் கட்டித் தொங்கவிட்டான். விசில் வந்தால், அந்தப் பக்கம் யார் இருந்தாலும் ஒரு கோடு போட வேண்டும். மூன்று கோடு விழுந்தால் அடுப்பை அணைக்கலாம்.

சென்ற ஆடிப்பெருக்குக்கு அவருடைய அம்மா வந்திருந்தார். ஜூலை 31 நெருக்கடி முடிந்த கையோடு வரும் பண்டிகை என்பதால், அவருக்கு எப்போதும் அது இரட்டைக் கொண்டாட்டம். சித்ரான்னத்துக்கு குக்கரில் அரிசி வைத்துவிட்டு, அம்மாவும் மகளும் எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தார்கள். சிலேட்டின் கணக்கை அம்மாவிடம் சொல்லியிருந்தார்கள். முதல் விசிலுக்கு எழுந்து ஒரு கோடு போட்டார். இரண்டாவதுக்கும் போட்டார். பிறகு ஜன்னல் வழியாக, தெருவில் முளைப்பாரியோடு போகிற பெண்களை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏ.டி.ஹெச்.டி-யில் பரம்பரைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள் அதை 70 சதவிகிதத்துக்கும் மேல் என்று கணக்கிடுகின்றன. அதை அம்மாவிடம் மகள் சொன்னதில்லை. 68 வயதில் அந்தப் பெயர் அம்மாவுக்குத் தேவையா என்று தெரியவில்லை.

"ஏண்டி, ரெண்டு கோடு போட்டேன். மூணாவது விசில் வந்துச்சா?" என்று திரும்பிக் கேட்டார் அம்மா.

மகள் பிழிந்துகொண்டிருந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். "எனக்கும் தெரியலயேம்மா."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது அம்மாதான்.

ஹாலில் இருந்து மாமியாரின் குரல் வந்தது. "மூணு ஆச்சு சம்பந்தி. நான் எண்ணிட்டுத்தான் இருக்கேன். அணைச்சிடுங்க."